கதவில் இருந்த புள்ளி

அம்மா தண்ணீர் குடித்துவிட்டாள். ஒரு லிட்டர் பாட்டில் முழுக்க, அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்கக் குடித்துவிட்டாள். மூன்று நாளாகப் பந்தல்காரர்கள் நீட்டிய தண்ணீரையெல்லாம் "இப்பத்தான் குடிச்சேன் சாமி" என்று பொய் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவள், இன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு, ஒட்டன்சத்திரம் ரோட்டில், ராத்திரி தங்கிய மண்டபத்திலிருந்து கிளம்பிய நாலாவது கிலோமீட்டரில் குடித்துவிட்டாள். உமையாளுக்கு அந்த மடக் மடக் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. காலேஜிலும் யுனிவர்சிட்டியிலும் பட்டிமன்ற மேடை ஏறி எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறாள், இந்தச் சத்தத்துக்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு. சிங்கம்புணரியில் மாலை போட்ட நாளிலிருந்து அவள் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு லிட்டருக்குத்தான். சாமி கும்பிடவா அவள் பாதயாத்திரை வந்தாள்? அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்து, அம்மாவைத் தண்ணீர் குடிக்கவைக்க வந்தாள். முன்னால் அம்மாவின் குதிகால்கள் போய்க்கொண்டிருந்தன, வெடித்து, வெடிப்புக்குள் ரோட்டுக் கறுப்பு ஏறி, வலதுகாலில் மட்டும் பிளாஸ்திரி. அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் வந்தாயிற்று. போன வருஷம் இதே குதிகால் இதே ரோட்டில் நடந்து பழனி போய்ச் சேரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. குளிர் ஜுரம் தூக்கித் தூக்கிப் போட, குருசாமி நெற்றியில் திருநீறு பூசி "முருகன் சோதிக்கிறான் தாயி, நடங்க" என்றாராம். பதினோரு நாள் டிரிப்ஸ். உமையாளுக்குச் சொன்னதே ஆறாம் நாள், "உனக்குப் பரீட்சை, அதான்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாலு நாளா ஒழுங்காத் தண்ணி குடிக்கல, வந்ததையும் அடக்கியிருக்காங்க. ஒரு கிட்னி நல்லா அடி வாங்கியிருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்கிட்டக் கொண்டாராதீங்க, டயாலிசிஸ் மிஷின் இருக்கிற எடமாப் பாருங்க." அப்படிச் சொன்ன பிறகும் இந்த வருஷம் மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள், காப்பாற்றினானே முருகன், அதற்கு நேர்த்திக்கடனாம். தள்ளிவிட்டவனுக்கே தூக்கிவிட்டதற்கு நன்றி. இந்தத் தர்க்கத்தை எந்த மேடையில் வைத்து உடைப்பது? உடைக்க முடியாது, கூட நடக்கத்தான் முடியும். "சத்தியமா எடம் இருக்காடி?" என்று பந்தலில் கேட்டாள் அம்மா, பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு. "சத்தியமா இருக்கும்மா. ஒம்பதாவது கிலோமீட்டர். கதவு போட்ட எடம்." சத்தியம், சாமி எதிலும் நம்பிக்கையில்லாத வாய்தான் சொன்னது. அம்மா அதை நம்பித்தான் குடித்தாள்.

புள்ளி அதற்கு அப்புறம்தான் வந்தது. பாக்கியம் அத்தை நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்து, "ஏத்தா உமையா, அந்தக் கதவ இன்னொருக்காக் காமி, நானும் ரெண்டு மடக்குக் குடிச்சுக்கிறேன்" என்றாள். உமையாள் பெருமையாகப் போனை எடுத்தாள். போன மாசம் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படம். பெட்ரோல் பங்க், அதன் ஓரத்தில் தகரக் கூரை, நீலக் கதவு, கதவில் வெள்ளைப் பெயின்டில் கொண்டை போட்ட பெண் முகம், கீழே 'பெண்கள்'. நூறு தடவை காட்டிய படம். அத்தை தன் விரலாலேயே படத்தை அகட்டினாள், இன்னும் அகட்டினாள், பெண்ணின் கொண்டை போய், முகம் போய், கதவின் விளிம்பு மட்டும் போன் முழுக்க வந்து நின்றது. "இது என்னத்தா கறுப்பா? பூட்டா?" "நிழல் அத்தை." பட்டென்று சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள். மேடையில் எதிரணிக்காரன் கேள்வி கேட்டால் அவன் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. அத்தை "ம்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு மடக்குக் குடிக்காமலேயே பின்தங்கிப் போனாள். அவள் குடிக்காமல் போனது உமையாளின் முதுகில் ஊசியாக நின்றது. நிழல். எதனுடைய நிழல்? கதவுக்கு முன்னால் என்ன இருந்தது நிழல் விழ? மறுபடி படத்தை எடுத்தாள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது, சின்னதாக்கினால் புள்ளியானது. ஈயாக இருக்கலாம். தாழ்ப்பாளாக இருக்கலாம், தாழ்ப்பாளும் கறுப்பாகத்தானே இருக்கும். ஆனால் தாழ்ப்பாள் வெளியே எதற்கு? வெளியே இருந்தால் அது கொண்டி. கொண்டி இருந்தால்? கொண்டி இருந்தால் பூட்டு மாட்டத்தான். இல்லை, நாய் நுழையாமல் சாத்திவைக்கவும் கொண்டி போடுவார்கள். அப்படியானால் அது நாய்க்காகப் போட்ட கொண்டி. சரி. நாய். அவள் போனைப் பைக்குள் வைத்தாள். ஐம்பதடி நடந்து மறுபடி எடுத்தாள்.

இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, நாற்பதடி நடந்து, அந்தக் கதவைக் கையால் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஏன் இறங்கவில்லை? படம் கிடைத்துவிட்டது, அதனால் இறங்கவில்லை. குருசாமியின் கடையில் கூட்டத்துக்கு முன்னால் நீட்டி வாயை அடைக்க ஒரு படம் போதும், ஒரு பொம்பளை உட்கார்ந்து எழுந்திருக்கத்தான் படம் போதாது. அவள் வாதத்துக்குச் சாட்சி தேடிப் போயிருக்கிறாள், அம்மாவுக்கு இடம் தேடிப் போகவில்லை. இந்த நினைப்பு வந்ததும் உமையாளுக்குத் தன்மேலேயே ஒரு வெறுப்பு கசந்து ஏறியது, ஏறியதை அங்கேயே விடாமல் குருசாமியின்மேல் திருப்பிவிட்டாள், அங்கே அதற்கு இடம் நிறைய இருந்தது. குருசாமி என்றால் சேவுகமூர்த்தி, சிங்கம்புணரியில் பெயின்ட் கடை, அம்மாவுக்குப் பெரியப்பா மகன், இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூட்டத்தை நடத்திப் போகிறவர். தங்கல் எங்கெங்கே என்று அவர் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார், வேதப் புத்தகம் மாதிரி. பதினாறு தங்கல். எதை வைத்து மாமா இந்த எடமெல்லாம் பிடிச்சீங்க என்று கேட்டாள். "நெழல் இருக்கணும், அன்னதானம் இருக்கணும், வேல் நிறுத்த எடம் சுத்தமா இருக்கணும்." பொம்பளைங்க? "பொம்பளைங்களும் அதே நெழல்லதான உக்காருவாங்க." நெழலைக் கேக்கல மாமா, ஒதுங்க எடம். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "நாம சாமி கும்பிடப் போறமா, இல்ல கக்கூஸ் பாக்கப் போறமாத்தா?" மறுபடி சிரிப்பு. ஆண்பிள்ளைகள் சிரித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், வாசலில் நின்ற பொம்பளைகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, அதுதான் நெஞ்சில் கரித்தது. நாற்பது ஆண்பிள்ளைகளுக்கு ரோடெல்லாம் கக்கூஸ். வேலிப் பக்கம் திரும்பினால் முடிந்தது, பேசிக்கொண்டே போவான், பேசிக்கொண்டே வருவான். பதினாலு பொம்பளைகளுக்குக் கருவேலங்காட்டுக்குள் முள் மிதித்து, ரெண்டு சேலையை ரெண்டு பேர் விரித்துப் பிடிக்க, ஹெட்லைட் அடித்து ஹார்ன் அடித்துப் போகிறவனுக்கு முதுகு காட்டி. அந்தக் கருவேலங்காட்டையும் போன வருஷம் வெட்டி மனை போட்டுவிட்டார்கள். அப்படியானால் என்ன செய்வது? குடிக்காமல் நடப்பது. அவ்வளவு எளிய வழி. ஒருத்தியும் ஒருத்தனிடமும் கேட்க வேண்டியதில்லை. மூன்று வாரம் கத்தினாள் உமையாள், நோட்டில் கட்டம் போட்டாள், தூரம் ஒரு கட்டம், நிழல் ஒரு கட்டம், தண்ணீர் ஒரு கட்டம், கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதினாள். பதினாறில் ஒன்றை விட்டுக்கொடுத்தார் மனுஷர். மில் வாசல் தங்கலை எடுத்துவிட்டு, பெட்ரோல் பங்க். "ஒண்ணே ஒண்ணு. அதுவும் நீ கத்துற கத்துக்கு. அது சரியா அமையலேன்னா வர்ற வருஷம் நீயும் வராத, ஒன் நோட்டும் வரக் கூடாது."

வெயில் முதுகில் ஏறியது. ரோட்டோரம் அடுத்த பந்தல், ஒலிபெருக்கியில் அரோகரா, டிரம்மில் மோர், தட்டில் தர்ப்பூசணி, "வாங்க சாமி, குடிங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இந்த ரோட்டில்தான் எத்தனை தண்ணீர். பாக்கெட்டில், பாட்டிலில், பானையில், பானகமாக, சுக்குக்காப்பியாக. அப்பா நினைவாக, தாத்தா நினைவாக, நண்பர்கள் குழு சார்பாக. கொடுக்கிறவன் முகத்திலெல்லாம் புண்ணியத்தின் எண்ணெய்ப் பளபளப்பு. குடித்தது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், இத்தனை பேர் வாயைப் பார்க்கிறீர்களே, ஒருத்தனாவது அப்பா நினைவாக ஒரு தகர மறைப்பு வைத்தானா? வைக்க மாட்டான். அதில் பெயர் போட்டு போர்டு வைக்க முடியாது. ஒருத்தன் உமையாளின் முகத்துக்கு நேரே மோர் டம்ளரை நீட்டினான். "வேணாம்" என்றாள். "முருகன் பிரசாதம் சாமி, வேணாங்கக் கூடாது." "வேணாங்கறேன்ல?" அவன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிரித்தெடுத்தால் டக்கென்று ஒரு சத்தம். தோள்பையில் அவளுடைய பாட்டில் கனத்துத் தொங்கி, நடைக்கு நடை இடுப்பில் இடித்தது. அது அம்மாவுக்கு. அம்மா மறுபடி கேட்டால் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறாள், வேறு ஒன்றுக்கும் இல்லை. பங்குக்குப் போன் போட்டுப் பார்த்தாள், மேப்பில் இருந்த நம்பர், இந்த எண் உபயோகத்தில் இல்லை. முன்னால் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்? முடியாது. கூட்டத்துக்கு முன்னால் காளிராசு தோளில் வேல் போகிறது, வேலைத் தாண்டி ஒருத்தரும் முன்னால் போகக் கூடாது, வேல் எடுத்த பிறகு ஒருத்தரும் பின்னால் தங்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷச் சட்டம். சட்டத்தை உடைத்தால் அதைச் சாக்காக வைத்துக் கூட்டத்தைப் பழைய மில் வாசலுக்கே திருப்பி விடுவார் குருசாமி. அதனால் வேலுக்குப் பின்னால், அம்மாவுக்குப் பின்னால், ஒரு கறுப்புப் புள்ளிக்குப் பின்னால் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஒரு லிட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு மணி நேரம். வெறும் வயிறு, வெயில், அப்படியானால் வேர்வையில் கொஞ்சம் போகும். ஆனால் அம்மாவுக்கு முன்னைப்போலத் தாங்காது, அந்த டாக்டரம்மா சொன்னாள், இனிமே அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஐந்து கிலோமீட்டர், வெறுங்கால், ஒன்றே கால் மணி நேரம். கணக்கு இடித்தது. புள்ளி இல்லையென்றால் இடிக்காது. புள்ளி ஈயாக இருந்தால் இடிக்காது. பறந்து போயிருக்கும் இந்நேரம், ஒரு மாசமா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஈ?

ஏழாவது கிலோமீட்டரில் அம்மாவின் நடை மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, குதிகாலையே பார்த்து வந்தவளுக்குத் தெரிந்தது. எட்டி வைக்கும் அடி குறுகிவிட்டது. பாதம் முழுசாகப் பதியாமல் வெளி ஓரத்தில் பதிந்தது. "இன்னும் எம்புட்டுத் தூரம்டி?" திரும்பாமலேயே கேட்டாள். "ரெண்டும்மா. ரெண்டுகூட இல்ல." "ம்." "அவசரமா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்ல. இந்த ஒரு சொல்லை வைத்தே இந்தப் பொம்பளைகள் ஆயுசை ஓட்டிவிடுவார்கள். முன்னால் போன குருசாமி நின்று, கூட்டம் வரட்டும் என்று பார்த்துவிட்டு, "என்ன உமையா சாமி, மொகம் வாடிப்போச்சு, ஒங்க அரமன வரப்போகுது, சிரிச்சுக்கிட்டே வாங்க" என்றார். மாலை போட்டால் எல்லாருக்கும் எல்லாரும் சாமி, நக்கலுக்கும் சாமி. "சிரிக்கிற நேரத்துல சிரிப்பேன் சாமி, நீங்க வெரசா நடங்க." "பாரு வள்ளிக்கண்ணு ஒம் மக வாய." அம்மா நடந்துகொண்டே இருந்தாள். வழக்கமாக "சின்னப்புள்ளண்ணே, விடுங்க" என்று சொல்லியிருப்பாள். சொல்லவும் வாய் திறக்க முடியாத அளவுக்குப் பல்லைக் கடித்திருக்கிறாளா? இடது பக்கம் ஒரு வீடு வந்தது, பச்சைக் கேட், கேட்டுக்குப் பின்னால் துணி காய்ந்தது, பொம்பளைத் துணி. தட்டிக் கேட்கலாம். அக்கா, எங்கம்மாவுக்கு ஒரு அஞ்சு நிமிஷம். கேட்டால் தருவாளா, தருவாள், பாதயாத்திரைச் சாமிக்குத் தண்ணீரா தரமாட்டாள், தண்ணீர் தருவாள், கொல்லைக்கு விடுவாளா? அதைக் கேட்கிறதற்குள் வேல் தாண்டிவிடும். அதுவும் தவிர, கேட்டால் என்ன அர்த்தம்? அவள் சொன்ன இடத்தில் அவளுக்கே நம்பிக்கையில்லை என்று அர்த்தம். குருசாமி நின்று திரும்பிப் பார்ப்பார். ஓகோ, அரமன இல்லையா? அந்த ஓகோவைக் கேட்கப் பயந்து அவள் பச்சைக் கேட்டைத் தாண்டினாள். தாண்டின பிறகுதான் உறைத்தது, ஒரு ஓகோவுக்காக அம்மாவை நடக்கவிட்டிருக்கிறாள் என்று. அவருக்கு நோட்டு, இவளுக்குப் படம். என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது. இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள், பச்சைக் கேட் சின்னதாகி, லாரிப் புழுதியில் மறைந்தது.

பங்க் வந்தது. படத்தில் இருந்தது போலவே இருந்தது, அந்தக் கொடுமையை என்ன சொல்ல, தகரக் கூரை, நீலக் கதவு, கொண்டைக்காரி, எல்லாம். காளிராசு மணல் நிரப்பிய குடத்தைக் கூட்டத்தின் சாமான் வேனிலிருந்து வாங்கி, அதில் வேலை ஊன்றினான். உமையாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பூட்டு. கட்டைவிரல் தண்டிக்கு, துருப்பிடித்து, கொண்டியோடு கொண்டியாய் ஒட்டிப்போய். அவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள், சூடாக இருந்தது, புள்ளி என்று ஒன்றரை மணி நேரம் நினைத்துக்கொண்டு வந்தது இவ்வளவு கனமா. காதில் பேனா செருகிய ஆள் ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், பம்பு பக்கமிருந்து வந்தார். "அது ஸ்டோர் ரூம்மா. ஆயில் பொட்டி அடுக்கியிருக்கு." "பெண்கள்னு எழுதியிருக்கு?" "எழுதியிருக்கணும்ல? இல்லாட்டி செக்கிங் வர்றவங்க நோட்டுல எழுதிட்டுப் போயிருவாங்க." "சாவி?" "மேனேஜர்ட்ட." "மேனேஜர் எங்க?" "பழனிக்குப் போயிருக்காரும்மா. நடந்து." யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். உமையாள் திரும்பினாள். பதினாலு பொம்பளைகள் நின்றார்கள், பாக்கியம் அத்தை பூட்டைப் பார்த்தாள், பிறகு உமையாளைப் பார்த்தாள், நிழலா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா மட்டும் கூட்டத்துக்கு வெளியே காற்றடிக்கும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கால் இன்னொரு காலோடு ஒட்டி, மேலுதட்டில் வேர்வை அரும்பி. "பரவால்லடி" என்றாள். "விடு. நான் அடக்கிக்கிறேன்." குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் ஓகோ சொல்லவில்லை. "சரி, ஆனது ஆச்சு. அஞ்சு நிமிசம் எளப்பாறிட்டுக் கெளம்புவோம், அடுத்த தங்கல் ஏழு கிலோமீட்டர், அங்க தோப்பு இருக்கு" என்றார். கருணையோடு சொன்னார். அந்தக் கருணை இருக்கிறதே, அதுதான் உமையாளின் மண்டைக்குள் எதையோ அறுத்துவிட்டது. ஏழு கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு லிட்டர். என் வாயை நம்பிக் குடித்த ஒரு லிட்டர்.

அப்போதுதான் பக்கத்துக் கதவு கிறீச்சிட்டது. அதே தகரக் கூரை, அதே நீலம், மீசைக்கார முகம், 'ஆண்கள்'. பூட்டில்லை. ஒருத்தன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தான், அடுத்தவன் உள்ளே போகக் காலை வைத்தான், பின்னால் எட்டுப் பத்துப் பேர் வரிசை. ஒன்றரை மணி நேரமாகக் கதவு கதவு என்று ஜபித்துக்கொண்டு வந்தவளின் கண்ணுக்கு அந்தக் கதவு இத்தனை நேரம் தெரியவேயில்லை, படத்தில்கூட ஓரமாக இருந்திருக்கும், அதை அவள் இடம் என்றே எண்ணவில்லை. எழுதியிருந்ததைப் படித்து, எழுதியபடி நடந்தவள். வரிசையின் தலையில் காளிராசு நின்றான், வேலை ஊன்றிய கையோடு ஓடிவந்தவன். "காளிண்ணே, நகருங்க." "என்னது?" "உள்ள இருக்கிற அண்ணன் வந்ததும் யாரும் போகாதீங்க. அம்மா, வா. அத்தை, எல்லாரும் வாங்க." உள்ளே போனவன் சத்தம் கேட்டுப் பாதியிலேயே வெளியே வந்தான். வரிசை கலைந்து முணுமுணுத்தது. குருசாமி வேகமாக வந்தார். "உமையா, இது ஆம்பளைங்க பொழங்குற எடம்." "பொழங்குற எடத்தத்தான் கேக்குறோம் மாமா, ஆம்பளையக் கேக்கல." யாரோ சிரித்தார்கள், இந்தத் தடவை பொம்பளைக் குரல், பாக்கியம் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்தாமல். அம்மா தயங்கினாள், குருசாமியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு ஓடினாள். உள்தாழ்ப்பாள் இல்லை. உமையாள் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகை அதில் சாய்த்து நின்றாள். உள்ளே சத்தம் கேட்டது. நீளமாக. நிற்காமல். நாற்பது ஆண்பிள்ளைகளும் வேறெங்கோ பார்த்தார்கள், ஒருத்தன் மேகத்தை, ஒருத்தன் பெட்ரோல் விலையை. அவள் மட்டும் அவர்கள் முகத்தையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாருங்கள். கேளுங்கள். இந்தச் சத்தத்துக்குத்தான் உங்கள் நோட்டில் கட்டம் இல்லை. "ஒவ்வொருத்தராப் பதினாலு பேர் போனா மதியமாயிரும்" என்றார் குருசாமி. "காளி, வேலத் தூக்கு. வர்றவங்க வரட்டும்." காளிராசு நெளிந்தான். தொடையைத் தொடையோடு சேர்த்துக்கொண்டு நின்றான். "நான் இன்னும் போகல குருசாமி." "அந்தால வேலிப் பக்கம் போடா." "அங்கயும் கேமரா வெச்சிருக்காங்க, போர்டு போட்டிருக்கு." பேனாக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். வேல் குடத்திலேயே நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் வேலுக்கு இப்படி ஒரு தங்கல் வாய்த்ததில்லை.

அத்தைகள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், வேலிப் பக்கம் போய்வரும் ஆண்பிள்ளைகள் மாதிரி. அம்மா முகம் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே உமையாளிடம் வந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நன்றி, பாராட்டு, அதெல்லாம் அந்த வாயில் எப்போது வந்திருக்கிறது. "ஊரு முழுக்க ஒன் வாய்க்குத்தான் பயப்படுது. ஒரு நாளைக்கு எங்கயாச்சும் அடி வாங்கப் போற" என்றாள். தோள்பையிலிருந்து பாட்டிலை உருவினாள். உருவியவள் நின்றாள். மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் வளையம் அப்படியே இருந்தது. "இது நேத்துச் சாயந்தரம் வாங்குனதுல்ல?" உமையாள் வேறு பக்கம் பார்த்தாள். "சீலுகூட ஒடைக்கல." "ஒனக்காக வெச்சிருந்தேன்." "எனக்காக. நேத்துலேர்ந்து நீ ஒரு சொட்டுக் குடிக்கல. எனக்குப் படத்தக் காமிச்சுக் குடி குடின்னுட்டு." அந்த இடத்தை மற்றவர்களுக்கு நம்பிய அளவுக்குத் தனக்கு நம்பவில்லை, நாலாவது கிலோமீட்டருக்கு முன்னாலிருந்தே நம்பவில்லை, புள்ளி வருவதற்கு முன்னாலேயே மூடியைத் தொடவில்லை. அம்மா மூடியைத் திருகினாள். வளையம் கிறுக்கென்று அறுந்தது. "குடி." குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. "இப்ப உள்ள போ." "காளிண்ணன் நிக்கிறாரும்மா, அவங்க..." "நின்னவன் நிப்பான். போடி."

உள்ளே பினாயில் நாற்றமும் பீடி நாற்றமும். குழாயில் நூலாகத் தண்ணீர் ஒழுகியது. சுவரில் எவனோ கரியால் போன் நம்பர் கிறுக்கியிருந்தான். விடியற்காலை நாலு மணிக்கு மண்டபத்தில் போனது. உட்கார்ந்ததும் எரிந்தது, சுருக் சுருக்கென்று, பல்லைக் கடிக்கும்படி எரிந்தது. இதுதானா அது? இதை வைத்துக்கொண்டுதானா அம்மா போன வருஷம் நாலு நாள் நடந்தாள்? கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் அம்மாவின் குதிகால்கள் தெரிந்தன, வெடிப்பு, பிளாஸ்திரி, இரண்டும் நன்றாகத் தரையில் பதிந்து. அதற்கு அப்பால், கால் கழுவிவிட்டு வந்த குருசாமியின் ஈரப் பாதங்கள் வந்து நின்றன. "வள்ளிக்கண்ணு, வெயில் ஏறுது தாயி. மகளக் கூப்பிடு, கெளம்பணும்." உமையாளுக்கு வாயில் ஐந்து பதில் வந்தது, ஐந்தும் சூடாக வந்தது, எதை முதலில் எறியலாம் என்று பார்த்தாள். அதற்குள் வெளியே அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரல் குருசாமியிடம் சரிண்ணே என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி உமையாள் கேட்டதில்லை.

"நில்லுங்கண்ணே. எம் மக உள்ள இருக்கா."

ஈரப் பாதங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பின. குதிகால்கள் அசையவில்லை. உமையாள் அவசரப்படவில்லை.